மலை இங்கே வடக்கே

முதல் நாள்

சென்னையில் நள்ளிரவு விமானம். கோலாலம்பூரில் நாற்காலியில் சாய்ந்தபடி 5 மணி நேரம். அப்புறம் ஜாவாத் தீவில் யோக்யகர்த்தா. ஆனால் இந்த முழுப் பெயரை இங்கே யாரும் சொல்லிக் கேட்கவில்லை. எல்லோருக்கும் இது ஜோக்ஜாதான். எங்கள் அம்பாசமுத்திரம் அம்பை ஆன மாதிரி.

விமான நிலையம் ஊருக்கு மேற்கே 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் வர ரயில். ஜன்னலுக்கு வெளியே வயல், தென்னை, வாழை, ஓட்டு வீடு, மறுபடி வயல். இவ்வளவு தூரம் பறந்துவந்து கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் இறங்கப் போகிறேனோ என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது.

எதற்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் நான் டாக்டருக்குப் படிக்கப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் போகிற பிள்ளைகளால் வந்த குழப்பம். நான் வந்திருப்பது இந்தோனேசிய மொழி படிக்க. தர்மசிஸ்வா என்று ஓர் உதவித்தொகை, 1974 முதல் இந்தோனேசிய அரசு கொடுத்துவருகிறது. பட்டம் கிடையாது. வெளிநாட்டு மாணவர்கள் வந்து ஒரு வருடம் மொழியோ கலையோ படித்துவிட்டுப் போகலாம். சிஸ்வா என்றால் மாணவர், நம்முடைய சிஷ்யன்தான். பல்கலைக்கழக மாணவர் மகாசிஸ்வா, மாணவி மகாசிஸ்வி. எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளுக்கு ஒரே நாளில் மகா பட்டம்.

மாணவர்கள் வாடகைக்குத் தங்கும் இடத்துக்குக் கோஸ் என்று பெயர். ஒரு வீட்டை ஒட்டி வரிசையாக அறைகள், அதே வளாகத்தில் வீட்டுக்கார அம்மா. ஆண்களுக்கு கோஸ் புத்ரா, பெண்களுக்கு கோஸ் புத்ரி. அகராதியே வேண்டாம். குளியலறையில் ஷவர் இல்லை. டைல்ஸ் ஒட்டிய தொட்டி நிறையத் தண்ணீர், மொண்டு ஊற்றக் கைப்பிடி வைத்த கப். எனக்கு இது பழகின ஏற்பாடு. பக்கத்து அறைப் போலந்துப் பெண் மட்டும் நேற்று தொட்டிக்குள்ளேயே இறங்கிக் குளித்துவிட்டாளாம். நான் வந்தபோது வீட்டுக்கார அம்மா அந்தத் தொட்டியைக் காலி பண்ணித் தேய்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். இபு என்று கூப்பிட வேண்டும். அம்மா என்று அர்த்தம். அவர் என்னை ‘ம்பாக்’ என்கிறார், அக்கா. என்னைவிட 40 வயது மூத்தவர் என்னை அக்கா என்பது கூச்சமாக இருக்கிறது.

மாலையில் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு மேகக் குவியலைக் காட்டினார். அதற்குப் பின்னால்தான் மெராப்பி எரிமலை இருக்கிறதாம். அதற்குள் இருட்டிவிட்டது. இங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது.

இரண்டாம் நாள்

பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. கடை எங்கே என்று இபுவிடம் கேட்டேன். ‘தெற்கே போ, இரண்டாவது சந்தில் கிழக்கே திரும்பு’ என்றார். இடது கை, வலது கை என்ற பேச்சே இல்லை.

எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. எங்கள் ஆச்சியும் இப்படித்தான். ‘அந்தக் குடத்தைக் கொஞ்சம் தெக்க தள்ளி வை’, ‘இலையை மேக்க பாத்துப் போடாதே’. வீட்டுக்குள்ளேயே திசை சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள், எங்களுக்குப் போய் வழி தெரியாதா என்று கிளம்பினேன்.

முக்கால் மணி நேரம் நடந்தேன். வறுத்த வாத்து விற்கும் கடை வந்தது, பள்ளிவாசல் வந்தது, கோழிக் கூண்டுகள் தொங்கும் சந்து வந்தது. ஜெராக்ஸ் கடை வரவில்லை. ஒரு காவலாளியைக் கேட்டேன். அவர் கட்டை விரலால் காட்டி (சுட்டு விரலால் காட்டுவது இங்கே மரியாதை இல்லை) ‘கிழக்கே’ என்றார். அந்தப் பக்கம் எனக்கு வடக்கு. அவருக்குத் திசை தெரியவில்லை என்று மனதில் சொல்லிக்கொண்டு மேலும் கொஞ்சம் தொலைந்துபோனேன். கடைசியில் செல்போனில் ஒரு பைக் டாக்ஸி பிடித்து, கோஸுக்கு மிக அருகில் இருந்த அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன்.

வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. ‘மாவ் கெ மானா?’ எங்கே போகிறாய்? முதல் ஆள் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் வெளியே கிளம்பும்போது யாராவது இப்படிக் கேட்டால் ஆச்சி உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைத்துத்தான் மறுபடி அனுப்புவாள். இங்கே இதுதான் வணக்கம். பதில்கூட யாருக்கும் வேண்டாம். ‘ஜாலான் ஜாலான்’, சும்மா ஒரு நடை, என்றால் போதும். இன்றைக்கு என் விஷயத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

மூன்றாம் நாள்

நாலேகாலுக்குத் தொழுகை அழைப்பு. நம் ஊர்க் கணக்கில் இரண்டே முக்கால். தூக்கம் கலைந்து, மாடிக்குப் போனேன்.

மேகமே இல்லை. மலை நின்றது. படத்தில் பார்க்கிற எரிமலை போலக் கூம்பாக, உச்சியில் மெல்லிசாய் ஒரு வெள்ளைப் புகை. பார்த்துக்கொண்டே இருந்தபோது விடிந்தது. விடிந்தது என் முதுகுப் பக்கம் அல்ல, வலது கைப் பக்கம்.

அப்போதுதான் நேற்று என்ன நடந்தது என்று புரிந்தது. அம்பையில் மலை மேற்கே. காலையில் மலையைப் பார்த்து நின்றால் சூரியன் முதுகில் சுடும். மலை இருக்கிற பக்கம் மேற்கு என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, உடம்பே அப்படிப் பதிந்துகொண்டிருக்கிறது. இபு மேகத்தைக் காட்டி மலை என்றதும் என் உடம்பு ‘சரி, மேற்கு’ என்று எழுதிவைத்துக்கொண்டது. மெராப்பியோ ஊருக்கு வடக்கே. நேற்று முழுக்க ஜோக்ஜாவைக் கால் வட்டம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். பாவம், அந்தக் காவலாளி.

தெரிந்துவிட்டதே, இனிச் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. மூளைக்குத் தெரிகிறது, கால்களுக்குத் தெரியவில்லை.

இந்த ஊரே ஒரு தெற்கு வடக்குக் கோட்டில் கோத்தது. வடக்கே மெராப்பி, நடுவில் தூகு என்ற வெள்ளைத் தூண், அப்புறம் சுல்தானின் அரண்மனை, தெற்கே இந்தியப் பெருங்கடல். 1755இல் மாதாரம் அரசு இரண்டாகப் பிரிந்தபோது முதலாம் ஹமெங்குபுவோனோ இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஊரை அமைத்தாராம். 2023இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ சேர்த்தது. அவர் வழிவந்த பத்தாம் ஹமெங்குபுவோனோதான் இப்போதும் சுல்தான், அவரே மாகாண ஆளுநரும். இங்கே ஆளுநர் பதவிக்குத் தேர்தல் கிடையாது. சுற்றுவட்டார இடங்களின் பெயர்களும் திசைகள்தான். விமான நிலையம் இருக்கும் குளோன் புரோகோ என்றால் புரோகோ ஆற்றின் மேற்கு, குனுங் கிடுல் என்றால் தெற்கு மலை. திக்குத் தெரியாதவள் படிக்க வந்த ஊரைப் பாருங்கள்.

அம்மா போனில் கேட்டது ஒரே கேள்வி.

‘அந்த எரிமலை உன் ரூமிலேர்ந்து எவ்வளவு தூரம்டீ?’

‘25 கிலோமீட்டர் இருக்கும்மா.’

‘நம்ம வீட்டுக்கும் திருநெல்வேலிக்கும் உள்ளதைவிடக் கம்மியா?’

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள்

முதல் வகுப்பு. நேற்றே ஆசிரியை எல்லோரிடமும் தெளிவாகச் சொன்னார், ‘ஸ்தெங்ஙா செம்பிலான்’ என்று. ஸ்தெங்ஙா அரை, செம்பிலான் ஒன்பது. ஒன்பதரைதானே. ஒன்பது இருபத்தைந்துக்கே போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே வகுப்பு ஏறக்குறைய முடிகிற கட்டத்தில் இருந்தது. ஒன்பதை எட்ட இன்னும் அரை பாக்கி, அதாவது எட்டரை. நாம் எட்டைத் தாண்டி அரை போகிறோம், இவர்கள் ஒன்பதை நோக்கி அரை வருகிறார்கள். ஆசிரியை சிரித்துவிட்டு, வருடத்துக்கு ஒருவராவது இப்படி வருவார் என்றார். கொரியப் பையன் ஒருவன் எனக்குப் பிறகும் வந்தான் என்பதில் ஓர் அற்ப சந்தோஷம்.

மீதி நேரத்தில் படித்ததில் பிடித்தது ‘பெலும்’. இன்னும் இல்லை என்று அர்த்தம். சாப்பிட்டாயா, குளித்தாயா, கல்யாணம் ஆயிற்றா, எதைக் கேட்டாலும் ‘இல்லை’ என்று வெட்டிப் பேசக் கூடாது, ‘பெலும்’ என்றுதான் சொல்ல வேண்டும். இபு முதல் நாளே கல்யாணம் பற்றிக் கேட்டிருந்தார், நான் ‘இல்லை’ என்றதும் ஏன் அவர் முகம் வாடியது என்று இப்போது தெரிகிறது. சாயங்காலம் வந்து ‘பெலும்’ என்று திருத்திச் சொன்னேன். மலர்ந்துவிட்டார்.

வகுப்பில் எனக்கு மட்டும் சில சொற்கள் இலவசம். கப்பல் காபால், பெட்டி பெத்தி, திரை தீராய், கிடங்கு குடாங். தொழில் தொடங்கப் போடும் முதல் இங்கே மோடால். கொத்தமல்லி விதை கெதும்பார். கடல் கடந்து வியாபாரத்துக்குப் போனவர்கள் எதையெல்லாம் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று இந்தச் சொற்களிலேயே தெரிகிறது. சரக்கு, சரக்கை வைக்கும் இடம், போட்ட பணம். பதிலுக்குப் புளிக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஆசாம் ஜாவா’, ஜாவாப் புளி. இதை மட்டும் ஆச்சியிடம் சொல்லப்போவதில்லை.

ஆறாம் நாள்

தங்கும் அனுமதிக்காகக் கைரேகை, புகைப்படம். ஓர் அலுவலகத்தில் காலை 8 முதல் மதியம் 2 வரை. என் பெயருக்கு முன்னால் உள்ள தலைப்பெழுத்தை என்ன செய்வது என்று மூன்று பேர் கூடிப் பேசினார்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு முடித்தார்கள். ஆக, இந்த நாட்டில் என்னை எல்லா அலுவலகங்களிலும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வேறு எழுத ஒன்றுமில்லை.

எட்டாம் நாள்

சாப்பாடு பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் கோபத்தோடு.

எல்லாவற்றிலும் இனிப்பு. ஜோக்ஜாவின் பெருமை குடெக். பலாப்பிஞ்சைத் தேங்காய்ப் பாலிலும் பனைவெல்லத்திலும் மணிக்கணக்காக வேகவைத்து, தேக்கிலை போட்டுச் செம்பழுப்பாக்கி, சோற்றோடு தருகிறார்கள். பார்த்தால் கறிக்குழம்பு, வாயில் வைத்தால் பாயசம். பக்கத்தில் மாட்டுத் தோலில் செய்த காரமான கூட்டு ஒன்று வைக்கிறார்கள், நான் அதைத் தொடாததால் இனிப்பை வெட்ட ஒன்றுமில்லாமல் போயிற்று. டீ கேட்டால் சர்க்கரைப் பாகு. சர்க்கரை வேண்டாமென்றால் ‘தாவார்’ என்று சொல்ல வேண்டும், சொன்னால் உடம்பு சரியில்லையா என்று பார்க்கிறார்கள்.

என்னைக் காப்பாற்றியது அங்கிரிங்ஙான். தள்ளுவண்டி, மேலே தார்ப்பாய், கரி அடுப்பில் மூன்று கெட்டில்கள், சுற்றி பெஞ்சு. வண்டி மேல் வாழையிலையில் மடித்த குட்டிக் குட்டிப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடிச் சோறு, மேலே நெத்திலிக் கருவாட்டு சம்பால். பெயர் நாசி கூச்சிங், பூனைச் சோறு. பூனைக்கு வைக்கிற அளவுதான் என்பதால். நான் நான்கு பூனைகளுக்கானதைச் சாப்பிட்டேன். நெத்திலியும் மிளகாயும் நாக்கில் பட்டதும் கண்ணில் நீர் வந்தது, காரத்தால் மட்டும் அல்ல.

ரயில் நிலையத்துக்கு வடக்கே உள்ள வண்டிகளில் கோப்பி ஜோஸ் கிடைக்கும். கடுங்காப்பிக்குள் தணல் கரித்துண்டை அப்படியே போடுகிறார்கள், ‘ஜோஸ்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் பெயர். ருசி பெரிதாக ஒன்றுமில்லை. சத்தத்துக்காகக் குடிக்கலாம்.

ஒன்பதாம் நாள்

ஞாயிறு. பிரம்பானான்.

ஊரின் பெரிய கடைத்தெருவான மாலியோபோரோவிலிருந்து 1ஏ பஸ் நேரே அங்கே போகிறது. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் மரங்களுக்கு மேலே கோபுர முனைகள். நடுவில் சிவன் கோயில், 47 மீட்டர். அதற்கு வடக்கே விஷ்ணு, தெற்கே பிரம்மா. சுற்றிலும் ஒரு காலத்தில் 240 கோயில்கள் இருந்திருக்கின்றன. இப்போது பெரும்பாலானவை கல் குவியல்கள். இந்தக் கோயிலைச் சொல்வதாகக் கருதப்படும் கல்வெட்டின் ஆண்டு 856. நம் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 150 வருடம் மூத்தது.

சிவன் கோயில் கிழக்கு பார்த்தது. படியேறிச் சுற்றத் தொடங்கினேன். வடக்கு அறையில் துர்க்கை, மகிஷன் மேல் நின்றபடி. மேற்கில் பிள்ளையார். தெற்கு அறைக்குள் இருட்டு, கண் பழக நேரம் ஆனது. தாடி, தொந்தி, கையில் கமண்டலம். அகத்தியர்.

பாபநாசத்தில் அகத்தியர் அருவியில் குளித்து வளர்ந்தவள் நான். எங்கள் மலையே அவர் மலை. இவர் இங்கே என்ன செய்கிறார்? இங்கே இவரைச் சிவனின் குரு வடிவமாக வைத்திருக்கிறார்கள். யோசித்தால், நம் சிவன் கோயில்களில் கருவறையின் தெற்குச் சுவரில் இருப்பவர் தட்சிணாமூர்த்தி, அவரும் குரு. வடக்குச் சுவரில் துர்க்கை. அதே அடுக்கு, தெற்கில் ஆள் மட்டும் மாறியிருக்கிறார்.

ஒன்பது நாளில் முதல் முறையாகக் கால்களுக்கும் திசை தெரிந்தது. துர்க்கை இருக்கிறாளா, அது வடக்கு. அவள் பார்க்கும் பக்கம் தூரத்தில் மெராப்பி. குரு இருக்கிறாரா, அது தெற்கு. இரண்டு முறை சுற்றினேன், ஒரு முறை சாமிக்கு, ஒரு முறை எனக்கு. விளக்கு இல்லை, பூ இல்லை, விபூதி இல்லை. இந்துக்களின் புத்தாண்டான ந்யெபி பண்டிகைக்கு முன்னால் இந்துக்கள் கூடி இங்கே பெரிய பூஜை நடத்துவார்களாம். மற்ற நாட்களில் பெரும்பாலும் செல்ஃபிதான்.

சுற்றுச் சுவரின் உள்பக்கம் ராமாயணம் சிற்பமாக ஓடுகிறது. சேது கட்டும் இடத்தில் குரங்குகள் கல்லைத் தூக்கிப் போட, கீழே கடலில் மீன்கள். அந்த மீன்களையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கதை இங்கே பாதியில் நின்று பிரம்மா கோயிலில் தொடர்கிறது.

அந்தத் துர்க்கையை ஊர்க்காரர்கள் துர்க்கை என்று சொல்வதில்லை. ரோரோ ஜோங்ராங், ஒல்லியான கன்னி. தன் தகப்பனைக் கொன்றவனே பெண் கேட்டு வந்தபோது, ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டினால் சம்மதம் என்றாளாம். அவன் பூதங்களை வைத்து 999 கட்டிவிட்டான். அவள் ஊர்ப் பெண்களை எழுப்பி, நெல் குத்தச் சொல்லி, கிழக்கே தீ மூட்டினாள். வானம் சிவக்க, விடிந்துவிட்டதென்று சேவல்கள் கூவின, பூதங்கள் ஓடிவிட்டன. ஏமாந்தவன் போட்ட சாபத்தில் அவளே ஆயிரமாவது கோயிலின் சிலை. அகலிகை கதையில் கூவின சேவல் எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கே பொய்க் கூவலில் ஏமாந்தவர் முனிவர், இங்கே பொய்க் கிழக்கில் ஏமாந்தவை பூதங்கள். பூதங்களே கிழக்கைத் தவறவிட்டிருக்கின்றன என்பதில் எனக்கொரு ஆறுதல்.

பதினோராம் நாள்

இரவு கட்டில் லேசாக ஆடியது. இரண்டு விநாடி இருக்கும். வெளியே ஓடிவந்தேன். இபு வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ‘கெம்பா கெச்சில்’ என்றார். குட்டி நிலநடுக்கம். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

2006 மே 27, சனிக்கிழமை, காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு. இபு அப்போது ஊருக்குத் தெற்கே பந்துலில், பிறந்த வீட்டில். அதற்கு முந்தைய வாரங்களில் மெராப்பி குமுறிக்கொண்டிருந்ததால் எல்லோரும் வடக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். நிலம் ஆடியதும் மலைதான் வெடித்துவிட்டது என்று நினைத்தார்கள். வந்ததோ தெற்கிலிருந்து. வீடு ஒரு நிமிடத்துக்குள் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கடல் வருகிறது என்று ஒரு வதந்தி. தெற்கில் இருந்தவர்கள் வடக்கே ஓடினார்கள். மலைக்குப் பயந்தவர்கள் வடக்கிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தார்கள். ‘நடுவழியில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். யார் சொல்வது சரி என்று யாருக்கும் தெரியவில்லை’ என்றார். கடல் வரவில்லை. ஆனால் அன்றைய நிலநடுக்கத்தில் 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். பிரம்பானான் கோயில்களுக்கும் அடி.

நான்கு வருடம் கழித்து, 2010இல், மலை நிஜமாகவே வெடித்தது. 350 பேருக்கு மேல் போனார்கள். சுல்தானின் ஆணைப்படி மலையைக் காத்துவந்த ம்பா மாரிஜான் என்ற முதியவர், இறங்கிவர மறுத்து அங்கேயே இறந்தார். அவரைப் பிடிவாதக்காரர் என்பாரும் உண்டு, கடமை தவறாதவர் என்பாரும் உண்டு. இபு எதுவும் சொல்லவில்லை. மலை பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, உரித்த கடலையை என் கையில் கொட்டினார்.

‘போய்ப் படு, ந்துக்’ என்றார் கடைசியில். ந்துக் என்றால் மகளே. அக்கா பதவி போயிற்று.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா இதைப் படிக்கிறாள் என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அம்மா, அது ரொம்பக் குட்டி நிலநடுக்கம்.

பதினான்காம் நாள்

வகுப்புத் தோழிகளோடு அலுன் அலுன் கிடுல், அரண்மனைக்குத் தெற்கே உள்ள திடல். நடுவில் இரண்டு ஆலமரங்கள், இரண்டையும் சுற்றிக் கட்டைச் சுவர். கண்ணைக் கட்டிக்கொண்டு அவற்றின் நடுவே நேராக நடந்து கடந்துவிட்டால் நினைத்தது நடக்குமாம். மாசாங்ஙின் என்று பெயர். கண் கட்டும் கறுப்புத் துணியை அங்கேயே வாடகைக்குத் தருகிறார்கள். பார்த்தால் சிறு பிள்ளை விளையாட்டு. மரங்களுக்கு இடையே ஒரு லாரி போகலாம், அவ்வளவு இடம்.

தெற்கே பார்த்து நிறுத்தினார்கள். நடந்தேன். அம்பு போல நேராகப் போகிறேன் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டுத் துணியை அவிழ்த்தால், இரண்டு மரங்களும் எனக்கு இடது பக்கம் எங்கேயோ இருந்தன. நான் மேற்கே வந்திருந்தேன். பதினான்கு நாள் ஆகியும் என் கால்களுக்கு அதுதான் தெற்கு.

இரண்டாம் முறையும் மேற்கு. போலந்துப் பெண் முதல் முயற்சியிலேயே கடந்துவிட்டாள். என்ன நினைத்தாள் என்று சொல்ல மறுக்கிறாள். தொட்டிக்குள் குளித்தவளுக்கு இவ்வளவு திசை ஞானமா!

மூன்றாம் முறை. பாதியில் ஒரு குரல். வண்டியில் இஞ்சிப் பானம் விற்கிறவர். ‘கெ தீமுர், ம்பாக், கெ தீமுர்!’ கிழக்கே போ, அக்கா. மலையை நினைக்கவில்லை, யோசிக்கவில்லை, அப்படியே இடப்பக்கம் ஒதுங்கினேன். இன்னும் கொஞ்சம் என்றார். ஒதுங்கினேன். கிழக்கேதான் போயிருக்கிறேன், கொஞ்சம் அதிகமாகவே. கிழக்கு ஆலமரத்தின் சுவரில் முழங்கால் நன்றாக இடித்தது.

அவர் வண்டியிலேயே உட்கார்ந்து ஒரு ரோண்டே குடித்தேன். சூடான இஞ்சிச் சாற்றில் அரிசிமாவு உருண்டை, மேலே வேர்க்கடலை. இதுவும் இனிப்புதான். பத்து மணிக்குக் கோஸ் கதவைப் பூட்டிவிடுவார்கள், நொண்டிக்கொண்டே வடக்கே கிளம்பினோம்.